நடை இழந்த நாயைக் கைவிடலாமா?

உலகப் புகழ் பெற்ற ஓவியர் பிக்காசோவின் வீட்டில் ஒரு குட்டை நாய் இருந்தது. அதன் பெயர் லும்ப்.

ஜெர்மன் மொழியில் "லும்ப்" என்றால் "போக்கிரி" என்று பொருள்!

அந்த நாய் முதலில் பிக்காசோவின் நாய் அல்ல. டேவிட் டக்ளஸ் டங்கன் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரரின் நாய். 1957-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் டங்கன், பிரான்சு நாட்டில் கேன் நகரில் இருந்த பிக்காசோவின் வீட்டுக்குப் போனார். கூடவே நாயையும் அழைத்துப் போனார்.

லும்புக்கு அந்த வீடு பிடித்துவிட்டது. வீட்டுக்காரரையும் பிடித்துவிட்டது. மதியச் சாப்பாட்டு வேளையிலேயே பிக்காசோ ஒரு தட்டை எடுத்து அதில் லும்பின் படத்தை வரைந்தார்.

டங்கன் ஊர் திரும்பினார். லும்ப் திரும்பவில்லை!

அதே ஆண்டில் பிக்காசோ ஒரு வேலையில் இறங்கினார. வெலாஸ்குவெஸ் என்ற பழைய ஸ்பெயின் ஓவியர் வரைந்த அரண்மனைப் படம் ஒன்றைத் தம் பாணியில் திரும்பத் திரும்ப வரைந்தார். பழைய படத்தில் ஒரு பெரிய நாய் படுத்திருக்கும். பிக்காசோ பல படங்களில் அந்த இடத்தை லும்புக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் படங்கள் பார்சிலோனா நகரின் பிக்காசோ காட்சி சாலையில் இன்றும் இருக்கின்றன.

இப்படி ராஜபோகமாக வாழ்ந்தது அந்த நாய். பிறகு ஒரு நாள் அதற்குச் சோதனை வந்தது.

அதன் பின்னங்கால்கள் விழுந்துவிட்டன!

முதுகெலும்பில் கோளாறு. குணமாகாது என்று சொல்லப்பட்டது. ஆனால் டங்கன் கேட்கவில்லை. லும்பைத் தூக்கிக் காரில் வைத்தார். ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகருக்குக் கொண்டு போனார். அங்கே சிகிச்சை நடந்தது.

லும்ப் மறுபடியும் நடந்தது. தள்ளாட்டமான நடைதான். ஆனாலும் நடை! அதன் பிறகு அது டங்கனிடமே பல ஆண்டுகள் வாழ்ந்தது. 1973-ம் ஆண்டு மார்ச் மாதம் 29-ந் தேதி இறந்தது. பத்து நாள் கழித்து, ஏப்ரல் 8-ந் தேதி, பிக்காசோவும் காலமானார்.

"குணமாகாது" என்ற ஒரு சொல்லை நம்பியிருந்தால் லும்பின் கதை அன்றோடு முடிந்திருக்கும்.

அந்தச் சொல் இன்றும் பல நாய்களின் உயிரைக் குடிக்கிறது. "கால் விழுந்துவிட்டதா? இனி ஏன் வைத்திருக்கிறீர்கள்?" என்று அக்கம் பக்கத்தார் கேட்கிறார்கள். வளர்த்தவருக்கு மனம் கேட்காது. ஆனால் வழியும் தெரியாது. ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடுகிறார்கள். இன்னும் சிலர், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் இறக்கி விட்டுவிடுகிறார்கள்.

இது தேவையில்லாத கொடுமை. இந்த நோய் வந்த நாய்களில் பெரும்பாலானவை மறுபடி நடக்கக் கூடியவை.

நுங்கு போன்ற வட்டு

இது என்ன நோய்?

நாயின் முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. சிறு சிறு எலும்புகளைக் கோத்த மாலை அது. கழுத்தில் 7, மார்பில் 13, இடுப்பில் 7 என்று எலும்புகள் இருக்கின்றன. அதற்கும் கீழே வால் வரை எலும்புகள் போகின்றன.

எலும்போடு எலும்பு உரசினால் என்ன ஆகும்? தேய்ந்துவிடும். ஆகவே, எலும்புகளுக்கு நடுவே ஒரு மெத்தை இருக்கிறது. அதுதான் வட்டு. டாக்டர்கள் "டிஸ்க்" என்கிறார்கள்.

நுங்கைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நுங்கின் மேலே தோல் இருக்கிறது. உள்ளே கொழகொழப்பான சதை இருக்கிறது. வட்டும் அப்படித்தான். வெளியே உரமான நார் வளையம். உள்ளே குழம்பு போன்ற பொருள். நாய் குதிக்கும்போது அந்தக் குழம்பு அதிர்ச்சியைத் தாங்கிக் கொள்ளும்.

வட்டுகளுக்கு மேலே, எலும்புக் குழாய்க்குள், முதுகுத் தண்டு போகிறது. மூளையின் கட்டளையைக் காலுக்குக் கொண்டு போவது அதுதான். காலில் பட்ட வலியை மூளைக்குச் சொல்வதும் அதுதான்.

சில நாய்களுக்கு இந்தக் குழம்பு சீக்கிரமே வற்றிவிடுகிறது. சுண்ணாம்புக் கட்டி போல இறுகிவிடுகிறது. நார் வளையமும் பலம் இழக்கிறது. ஒரு நாள் நாற்காலியிலிருந்து நாய் குதிக்கிறது. வளையம் கிழிகிறது. உள்ளே இருந்த கட்டி துப்பாக்கிக் குண்டு போலப் பாய்ந்து முதுகுத் தண்டைத் தாக்குகிறது!

காலையில் ஓடிய நாய் மாலையில் பின்னங்காலை இழுத்துக்கொண்டு வருகிறது. மார்பு முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில்தான் இது அதிகமாக நடக்கிறது.

வயதான பெரிய நாய்களுக்கு வேறு விதமாக வரும். வட்டு வெடிக்காது. மெல்ல மெல்லப் பிதுங்கும். நடை நாளுக்கு நாள் கெடும். இந்த இரண்டு வகைகளையும் பிரித்துக் காட்டியவர் சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஹான்சன். 1952-ம் ஆண்டில் அவர் எழுதிய ஆராய்ச்சி இன்றும் டாக்டர்களுக்குப் பாடமாக இருக்கிறது.

குட்டைக் காலின் விலை

லும்ப் "டாஷ்ஹண்ட்" என்ற இனத்தைச் சேர்ந்தது. நீளமான உடம்பு. குட்டையான கால்கள். ஜெர்மனியில் "பேட்ஜர்" என்ற பிராணி மண்ணில் வளை தோண்டி வாழும். அந்த வளைக்குள் புகுந்து வேட்டையாடுவதற்காகவே இந்த இனத்தை வளர்த்தார்கள். 1972-ம் ஆண்டு மியூனிச் ஒலிம்பிக் பந்தயத்தின் சின்னமே ஒரு டாஷ்ஹண்ட்தான்!

இந்த இனத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு நாய்க்கு, அதன் வாழ்நாளில் எப்போதாவது, வட்டுக் கோளாறு வருகிறது. பெரும்பாலும் மூன்று வயதிலிருந்து ஏழு வயதுக்குள் வருகிறது. பெக்கினீஸ், பிரெஞ்சு புல்டாக், பீகிள், காக்கர் ஸ்பானியல் ஆகிய இனங்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

காரணம் என்ன? 2017-ம் ஆண்டில் அமெரிக்காவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கிளை விஞ்ஞானிகள் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். இந்த நாய்களின் உடம்பில், வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஒரு ஜீன் கூடுதலாக ஒரு பிரதி இருக்கிறது. அதுவே காலைக் குட்டையாக்குகிறது. அதுவே வட்டையும் கெடுக்கிறது.

ஆக, "எவ்வளவு அழகான குட்டைக் கால்!" என்று மனிதன் ரசிக்கிறான். அந்த ரசனைக்கு நாய் தன் முதுகால் விலை கொடுக்கிறது. நாயின் உருவத்தை மனிதன் மாற்றினான். அதனால் வந்த நோயிலும் மனிதனுக்குப் பொறுப்பு உண்டு.

ஐந்து படிகள்

இந்த நோயை டாக்டர்கள் ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள்.

முதல் படியில் வலி மட்டும் இருக்கும். நாய் முதுகை வளைத்துக்கொண்டு நிற்கும். தூக்கினால் கத்தும். மாடிப் படி ஏறாது.

இரண்டாவது படியில் நடை தள்ளாடும். மூன்றாவது படியில் காலை அசைக்கும். ஆனால் எழுந்து நடக்க முடியாது. நான்காவது படியில் கால் அசையவே அசையாது. ஆனால் வலி தெரியும்.

ஐந்தாவது படியில் வலியும் தெரியாது. இதுதான் மிக மோசமான நிலை.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். டாக்டர் கால் விரலை இடுக்கியால் அழுத்திப் பார்ப்பார். நாய் காலை இழுத்துக்கொள்ளும். "பார்த்தீர்களா, உணர்ச்சி இருக்கிறது!" என்று வீட்டார் சந்தோஷப்படுவார்கள். அது சரியல்ல. கால் தானாகவே இழுத்துக்கொள்ளும். மூளைக்குச் சேதி போகாமலே அது நடக்கும். நாய் திரும்பிப் பார்க்க வேண்டும், அல்லது கத்த வேண்டும், அல்லது கடிக்க வர வேண்டும். அப்போதுதான் வலி மூளைக்குப் போகிறது என்று பொருள்.

வலி தெரிகிற நாய்க்கு ஆபரேஷன் செய்தால், பத்தில் ஒன்பது நாய்கள் மறுபடி நடக்கின்றன. வலி தெரியாத நாய்க்கு உடனே ஆபரேஷன் செய்தால்கூட, பாதிக்குச் சற்று அதிகமானவைதான் நடக்கின்றன. ஆபரேஷன் இல்லாவிட்டால் அவற்றில் மிகச் சிலவே தேறும்.

ஆகவே கால் விழுந்த நாயை "நாளைக்குப் பார்க்கலாம்" என்று போட்டு வைப்பது பெரும் தவறு.

இரண்டு கட்சிகள்

நாய் வளர்ப்பவர்களிடையே இரண்டு கட்சிகள் இருக்கின்றன.

ஒரு கட்சி, "கத்தி ஒன்றே வைத்தியம்" என்கிறது. ஊசி குத்துவது, பிடித்து விடுவது, தண்ணீரில் நடக்க விடுவது எல்லாம் ஏமாற்று என்று சிரிக்கிறது.

இன்னொரு கட்சி, "கத்தியே கூடாது" என்கிறது. இயற்கை வைத்தியம் எல்லாவற்றையும் குணமாக்கும் என்று சத்தியம் செய்கிறது.

இரண்டு கட்சிகளும் சண்டை போடும்போது நடுவில் கிடந்து தவிப்பது நாய்!

இரண்டு கட்சிகள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதைத் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது.

கத்தி செய்யும் வேலை

ஆபரேஷன் என்றால் என்ன? முதுகெலும்பின் பக்கச் சுவரில் ஒரு சிறு ஜன்னல் வெட்டுகிறார்கள். அதன் வழியாக, தண்டை அழுத்திக்கொண்டிருக்கும் கட்டியைச் சுரண்டி எடுக்கிறார்கள். அழுத்தம் நீங்குகிறது. எந்த இடத்தில் வெட்டுவது என்பதை ஸ்கேன் படம் காட்டிவிடும்.

எந்த ஊசியும் எந்தத் தைலமும் இந்த வேலையைச் செய்ய முடியாது. எலும்புக் குழாய்க்குள் கிடக்கும் சுண்ணாம்புக் கட்டியை வெளியே இருந்து நீவி எடுத்துவிட முடியுமா?

ஆனால் எல்லா நாய்க்கும் கத்தி தேவையில்லை. முதல் இரண்டு படிகளில் இருக்கும் நாய்களில் பெரும்பாலானவை ஓய்விலும் மருந்திலுமே தேறிவிடும். வலியைக் குறைக்கும் மருந்தை டாக்டர் கொடுப்பார். ஓய்வு எவ்வளவு நாள்? குறைந்தது நான்கு வாரம் என்று 2022-ம் ஆண்டில் அமெரிக்க மிருக வைத்திய நிபுணர்கள் கூடி எழுதிய அறிக்கை சொல்கிறது. முன்பெல்லாம் தாராளமாகக் கொடுத்துவந்த "ஸ்டீராய்டு" மருந்தை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றும் அந்த அறிக்கை கூறுகிறது.

ஊசி செய்யும் வேலை

"அக்குபங்சர்" என்பது சீன வைத்தியம். மெல்லிய ஊசிகளை உடம்பில் குறிப்பிட்ட இடங்களில் குத்துகிறார்கள். சில சமயம் ஊசிகளில் லேசான மின்சாரமும் செலுத்துகிறார்கள். ஊசி குத்தும்போது உடம்பு தானாகவே வலி குறைக்கும் பொருள்களைச் சுரக்கிறது.

பிரேசில் நாட்டு டாக்டர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2010-ம் ஆண்டில் அதன் முடிவு வெளிவந்தது. மோசமாகப் பாதிக்கப்பட்டு இரண்டு நாளுக்கு மேல் ஆகிவிட்ட 40 நாய்கள். ஊசி மட்டும் போட்ட 19 நாய்களில் 15 தேறின. ஆபரேஷன் மட்டும் செய்த 10 நாய்களில் 4 தேறின. இரண்டும் செய்த 11 நாய்களில் 8 தேறின.

"பார்த்தீர்களா, ஊசிதான் ஜெயித்தது!" என்று இரண்டாவது கட்சி துள்ளிக் குதிக்கும். பொறுக்க வேண்டும்!

அவை எல்லாம் காலம் கடந்து வந்த நாய்கள். உடனே ஆபரேஷன் செய்த நாய்கள் அல்ல. எந்த நாய்க்கு எந்தச் சிகிச்சை என்று சீட்டுப் போட்டுப் பிரிக்கவும் இல்லை. நாய்களின் எண்ணிக்கையும் குறைவு. ஆகவே, "கத்தி வேண்டாம்" என்பதற்கு இது சாட்சி ஆகாது. "ஊசியை ஒரேயடியாகத் தள்ளிவிடாதே" என்பதற்குத்தான் சாட்சி.

ஒளியும் நீரும்

"லேசர்" ஒளியை முதுகில் பாய்ச்சுவது இன்னொரு முறை. 2012-ம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாவில் 36 நாய்களிடம் இதைச் சோதித்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு லேசர் ஒளி பெற்ற நாய்கள் சீக்கிரம் நடந்தன. எல்லாரும் மகிழ்ந்தார்கள்.

2017-ல் வேறு டாக்டர்கள் 32 நாய்களிடம் சோதித்தார்கள். லேசர் பெற்ற நாய்க்கும் பெறாத நாய்க்கும் வித்தியாசம் தெரியவில்லை!

தண்ணீருக்குள் ஓடும் பட்டையில் நாயை நடக்க விடுவது மற்றொரு முறை. தண்ணீர் உடம்பின் பாரத்தைத் தாங்கிக் கொள்ளும். பலம் இல்லாத கால்கூட அசையும். காலை மடக்கி நீட்டுவது, பந்தின் மேல் நிற்க வைப்பது என்று வேறு பயிற்சிகளும் உண்டு. 2018-ல் வட கரோலினாவில் ஆபரேஷன் ஆன 30 நாய்களிடம் இதைச் சோதித்தார்கள். சாதாரணப் பயிற்சி பெற்ற நாய்களும், கடும் பயிற்சி பெற்ற நாய்களும் ஒரே மாதிரிதான் தேறின. கடும் பயிற்சியால் கெடுதலும் இல்லை.

இதிலிருந்து என்ன தெரிகிறது? இந்தச் சிகிச்சைகள் மந்திரம் அல்ல. ஏமாற்றும் அல்ல. பக்கத் துணை. துணையைத் துணையாக வைத்துக்கொண்டால் நன்மை. துணையைத் தலைவனாக்கினால் ஆபத்து.

வரிசை மாறக் கூடாது

சிகிச்சைகளைச் சேர்த்துச் செய்வது நல்லது. ஆனால் வரிசை மாறக் கூடாது.

முதலில் மிருக டாக்டர் பார்க்க வேண்டும். எந்தப் படி என்று அவர் சொல்ல வேண்டும். நடக்க முடியாத நாய்க்கு ஆபரேஷன் தேவையா என்று அன்றே முடிவு செய்ய வேண்டும். பிறகு ஓய்வு. காயம் ஆறத் தொடங்கிய பிறகு ஊசி, நீர், பயிற்சி.

இந்த வரிசையை மாற்றி, முதல் வாரம் ஊசி, இரண்டாம் வாரம் தைலம், மூன்றாம் வாரம் டாக்டர் என்று போனால் என்ன ஆகும்? நான்காம் படியில் இருந்த நாய் ஐந்தாம் படிக்குப் போயிருக்கும். தேறியிருக்க வேண்டிய நாய் தேறாமல் போகும்.

எல்லாராலும் ஆபரேஷனுக்குப் பணம் கட்ட முடியுமா? முடியாது. அது உண்மை. ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் பெரும் செலவு ஆகிறது. எல்லா ஊரிலும் வசதியும் இல்லை. அப்படிப்பட்டவர்களைக் குற்றம் சொல்வது நியாயம் அல்ல. வலி தெரிகிற நாயாக இருந்தால், ஆபரேஷன் இல்லாமலும் நம்பிக்கை உண்டு. கடுமையான ஓய்வு, டாக்டர் தரும் மருந்து, பொறுமையான பணிவிடை. இவற்றாலேயே எழுந்து நடந்த நாய்கள் ஏராளம். ஊசியும் பயிற்சியும் இவர்களுக்குத்தான் அதிகம் கை கொடுக்கும்.

நாயைப் பிடித்து நீவாதீர்கள்!

நாய் முதுகு வலியால் துடிக்கும்போது, எண்ணெய் தடவி அழுத்தி நீவும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் அது மிகவும் ஆபத்து. கிழிந்த வட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் குழம்பு வெளியே வரும். தண்டு மேலும் நசுங்கும்.

மனிதருக்கு உரிய வலி மாத்திரையைக் கொடுப்பதும் ஆபத்து. "இபுபுரூபன்" போன்ற மாத்திரை நாய்க்கு விஷம். வயிற்றில் புண் வரும். சிறுநீரகம் கெடும்.

நாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போதும் கவனம் தேவை. ஒரு பலகையிலோ, கெட்டியான அட்டைப் பெட்டியிலோ படுக்க வைத்துக் கொண்டு போக வேண்டும். முன்னங்காலைப் பிடித்துத் தொங்க விட்டுத் தூக்கக் கூடாது. ஒரு கை மார்புக்குக் கீழே, ஒரு கை பின்பக்கத்துக்குக் கீழே. முதுகு நேராக இருக்க வேண்டும்.

வீடுதான் பெரிய ஆஸ்பத்திரி

டாக்டர் ஒரு மணி நேரம் பார்ப்பார். மீதி 23 மணி நேரம் யார் பார்ப்பது? வீட்டார்தான்.

ஓய்வு என்றால் கூடத்தில் சும்மா விடுவது அல்ல. நாய் எழுந்து திரும்பிப் படுக்கும் அளவுக்கு ஒரு கூண்டு அல்லது தடுப்பு வேண்டும். வெளிக்குப் போக மட்டும் கயிற்றில் பிடித்து அழைத்துப் போக வேண்டும். இரண்டே நாளில் வலி குறையும். நாய் குதிக்கப் பார்க்கும். வீட்டார் மனம் இளகி அவிழ்த்து விடுவார்கள். அங்கேதான் காரியம் கெடுகிறது. வலி போவது வேறு, வளையம் ஆறுவது வேறு.

கால் விழுந்த நாய்க்குப் பெரும்பாலும் சிறுநீர் தானாகப் போகாது. பை நிறைந்து வழியும். அதைப் பார்த்து, "போகிறதே!" என்று நினைத்துவிடக் கூடாது. தினமும் மூன்று நான்கு தடவை அடி வயிற்றை மெதுவாக அழுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். எப்படி அழுத்துவது என்று டாக்டர் காட்டிக் கொடுப்பார். இதைச் செய்யாவிட்டால் புண் பிடிக்கும், காய்ச்சல் வரும்.

ஒரே பக்கம் படுத்திருந்தால் படுக்கைப் புண் வரும். ஆகவே, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும். மெத்தென்ற விரிப்பு வேண்டும். விரிப்பு ஈரமாக இருக்கக் கூடாது.

டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு, ஒரு துண்டை வயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தூக்கிப் பிடித்து நடக்கப் பழக்கலாம். இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். ஒரு துண்டும் இரண்டு கையும் போதும்.

இது கஷ்டமான வேலைதான். தூக்கம் கெடும். வேலைக்குப் போகிறவர்கள் முறை வைத்துப் பார்க்க வேண்டும். பாட்டி பகலில், பையன் மாலையில், அப்பா இரவில் என்று வீடே சேர்ந்து செய்தால்தான் முடியும். இந்த நோயில் கூட்டுச் சிகிச்சை என்பது கத்தியும் ஊசியும் சேர்வது மட்டும் அல்ல. வீட்டார் ஒன்று சேர்வதும் அதில் அடங்கும்.

நடக்காத நாயும் வாழும்

எல்லாம் செய்தும் நாய் நடக்கவில்லை. பிறகு என்ன?

அப்போதும் வழி இருக்கிறது. பின்னங்கால்களுக்குச் சக்கர வண்டி கட்டுகிறார்கள். நாய் முன்னங்காலால் நடக்கும். பின்னால் சக்கரம் உருளும். முன்னங்கால் பலமாக இருந்தால் சீக்கிரம் பழகிக்கொள்ளும். ஓடி விளையாடும். தனக்குக் குறை இருக்கிறது என்று அது கவலைப்படுவதாகத் தெரியவில்லை!

இன்னோர் அதிசயமும் உண்டு. வலியே தெரியாத சில நாய்கள், பல மாதப் பயிற்சிக்குப் பிறகு, மூளையின் கட்டளை இல்லாமலே நடக்கின்றன. முதுகுத் தண்டே காலை அசைக்கக் கற்றுக்கொள்கிறது.

2012-ம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. முதுகுத் தண்டு கெட்டுப்போன 34 நாய்கள். 23 நாய்களுக்கு, அவற்றின் மூக்கிலிருந்தே சில அணுக்களை எடுத்து வளர்த்து, தண்டில் செலுத்தினார்கள். அவற்றில் பல நாய்களின் பின்னங்கால்கள் முன்னங்காலோடு இசைந்து அசையத் தொடங்கின. முழுக் குணம் அல்ல. ஆனாலும் பெரிய படி. நாளைக்கு மனிதருக்கும் உதவக் கூடிய வழி இது.

விடை கொடுக்கும் நேரம்

எந்த நாயையும் எந்த நிலையிலும் வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்வதும் நியாயம் அல்ல.

வலி உணர்ச்சி போன நாய்களில் சுமார் பத்தில் ஒன்றுக்கு, தண்டு மேலும் மேலும் அழுகிக் கரைந்துகொண்டே போகும். முன்னங்காலும் விழும். மூச்சு முட்டும். இதற்கு மருந்து இல்லை. அந்த நிலையில் நாயை வலியில்லாமல் அனுப்பி வைப்பதே கருணை. தீராத வலியில் துடிக்கும் நாய்க்கும் அப்படியே.

ஆனால் அது டாக்டர் பார்த்து, நாள் கொடுத்து, யோசித்து எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். கால் விழுந்த முதல் நாளே பயத்தில் எடுக்கும் முடிவாக இருக்கக் கூடாது.

வரும் முன் காப்போம்

இந்த நோயை முழுவதும் தடுக்க முடியாது. ஆனால் குறைக்க முடியும்.

நாயைக் கொழுக்க விடக் கூடாது. கொழுத்த உடம்பு முதுகுக்குப் பாரம். மிச்சம் மீதி எல்லாவற்றையும் தட்டில் கொட்டுவது அன்பு ஆகாது. வழுக்கும் தரையில் ஒரு விரிப்புப் போட வேண்டும். கட்டிலுக்கும் சோபாவுக்கும் தாவ விடக் கூடாது. கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்பில் மாட்டும் வார் நல்லது. அதற்காக நாயை ஓரேயடியாகக் கட்டியும் போடக் கூடாது. அளவான தினசரி நடை உடம்பை உரமாக்கும்.

நாய் வாங்குகிறவர்களுக்குத்தான் பெரிய பொறுப்பு இருக்கிறது. டென்மார்க், நார்வே, பின்லாந்து போன்ற நாடுகளில், இரண்டு வயதிலிருந்து நான்கு வயதுக்குள் டாஷ்ஹண்ட் நாய்களின் முதுகை எக்ஸ்ரே படம் எடுக்கிறார்கள். எத்தனை வட்டுகள் இறுகியிருக்கின்றன என்று எண்ணுகிறார்கள். குறைவாக உள்ள நாய்களையே இனப் பெருக்கத்துக்கு விடும்படி சொல்கிறார்கள். நல்ல ஏற்பாடு!

இந்த நாட்டிலும் குட்டி வாங்குகிறவர்கள், "தாய்க்கும் தகப்பனுக்கும் முதுகு நன்றாக இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். கால் எவ்வளவு குட்டை, உடம்பு எவ்வளவு நீளம் என்று மட்டும் பார்த்துப் பணம் கொடுத்தால், விற்பவரும் அப்படிப்பட்ட குட்டிகளையே உண்டாக்குவார். நீண்ட கால் கொண்ட ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நம் ஊர் நாய்களுக்கு இந்தக் குட்டைக் கால் அமைப்பே கிடையாது. அவற்றையும் நினைத்துப் பார்க்கலாம்.

நாய்க்கு "எனக்கு முதுகு வலிக்கிறது" என்று சொல்லத் தெரியாது. படி ஏறத் தயங்கும். தூக்கினால் முனகும். அதைத் தவிர அதற்கு வேறு பாஷை இல்லை. அந்த முனகலை முதல் நாளே காதில் வாங்கிக்கொள்கிற வீட்டில், பெரும்பாலான நாய்கள் மறுபடி வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடி வரும்.